இல்லாத மரம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். சளி மட்டும் அடாவடிக் குடித்தனக்காரன் மாதிரி காலி பண்ண மறுக்கிறது. நீயும் அண்ணியும் எப்படி? அப்பாவின் காது எப்படி? போனில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "ஆமா, நல்ல மழை" என்கிறார். அதனால்தான் பழையபடி கடிதத்துக்கு வந்துவிட்டேன். உன்னையும் போனில் பிடிக்க முடிவதில்லை, எப்போதும் ஏதாவது கூட்டத்தில் இருக்கிறாய்.

ஒரு கெட்ட சேதி. எங்கள் அருங்காட்சியகத்துச் சேமிப்பறைக் கூரை ஒழுகி, மூன்றாவது அலமாரி முழுக்க ஈரம். நம் கூம்புதான், அந்தப் பைன் காய்ப் புதைபடிவம்தான், முதலில் மாட்டியது. பெட்டியைத் திறந்தால் கந்தக நாற்றம். செதில்களுக்கு நடுவே வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. உள்ளே இருக்கும் பைரைட் என்ற கந்தகத் தாது ஈரத்தைக் குடித்துவிட்டால் புதைபடிவம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். டைனோசர் காலத்தில் மரத்திலிருந்து விழுந்து, இத்தனை கோடி வருடம் களிமண்ணில் கெடாமல் கிடந்தது, எங்கள் கூரையிடம் தோற்றுப்போகிறது பார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா செங்கல் சூளைக்கு மண் வெட்டும் யந்திரம் ஓட்டிய நாளில், சாப்பாட்டுத் தூக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது அது. அதை ஆராய்ந்து எழுதியபோது அதற்கு நீ என் செல்லப்பெயரை, பின்னால் ஒரு இலத்தீன் வாலோடு, வைத்தாய். கிரெடேசியக் காலத்து மரம் ஒன்றை எந்த அண்ணன் தங்கைக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறான்? கூம்பு பைன் குடும்பம், ஆனால் அது தொங்கும் குச்சியில் ஊசியிலை இல்லை, சைப்ரஸ் மாதிரி செதிலிலை. இப்படியும் ஒரு பைனா என்று உலகமே வாயைப் பிளந்தது. ஆகஸ்டில் உனக்கு நடக்கப்போகும் பாராட்டு விழா அழைப்பிதழிலும் அந்த மரத்தின் ஓவியம்தானாமே!

கவலைப்படாதே. நானே சுத்தம் செய்து உலர்த்திவிடுகிறேன். அப்பா இன்னும் கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறாரா? நான் கேட்டதாக அவர் காதருகே சத்தமாகச் சொல்.

அன்புடன்,
சிட்டு


ஜனவரி 28

அன்புச் சிட்டு,

இங்கே மூவரும் நலம். சளிக்கு மருந்து வாங்கினாயா, இல்லை அதைத் திட்டியே விரட்டிவிடலாம் என்று இருக்கிறாயா? அப்பா காலையில் மாடிப்படி ஏறி இறங்குகிறார், மத்தியானம் தூங்குகிறார், சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் லாரிகளுக்கு மார்க் போடுகிறார். அண்ணிக்கு முட்டிவலி. எனக்குப் பேராசிரியர் வேலையில் ஓய்வு பெறும் வருடம் என்பதால் ஆளாளுக்குக் கட்டுரை கேட்கிறார்கள்.

கூம்பு விஷயம். அதை நீ தொடாதே. உன் கை நல்ல கைதான், எனக்குத் தெரியும். ஆனால் இப்படிப்பட்ட மாதிரிகளில் அசிட்டோன், தூரிகை என்று இறங்கினால் இருப்பதும் போய்விடும். பஞ்சில் பொதிந்து பெட்டியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடு. நான் வரும்போது பார்த்துக்கொள்கிறேன். மற்ற மாதிரிகளுக்கு முதலில் வழி பார்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணா,

சளி போய்விட்டது. அண்ணிக்கு முட்டியில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நீ கொடுத்தாலும் குறைந்துவிட மாட்டாய்.

நீ சொன்னதைக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. "வரும்போது பார்க்கிறேன்" என்று நீ சொல்லி நீ வந்ததை நான் பார்த்ததில்லை. அதற்குள் ஒரு செதில் உதிர்ந்துவிட்டது. சேமிப்பறைச் சாவி என்னிடம் இருக்கும்போது நான் கைகட்டி நிற்க முடியாது. அசிட்டோனில் தொட்ட பஞ்சால் பொடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். கூம்பின் காம்பு குச்சியில் சேரும் இடத்துக்கு வந்ததும் பஞ்சு கறுப்பாகிவிட்டது.

படிவம் சாயம் விடாது இல்லையா? இன்னும் கொஞ்சம் துடைத்தேன். கறுப்புக்கு அடியில் மஞ்சளாக ஏதோ இளகியது. கூம்பு என் உள்ளங்கையில் தனியாக வந்து உட்கார்ந்தது. குச்சி தட்டிலேயே கிடந்தது.

அது அப்பாவின் பசை, அண்ணா. அந்த ட்யூப் பசை. வாசனையே சொல்லிவிட்டது. நம் வீட்டில் அது படாத பொருள் ஏது? கோப்பைப் பிடி, ரேடியோ மூடி, என் பள்ளிக்கூட ஸ்கேல், அம்மாவின் கண்ணாடி. லென்ஸில் பார்த்தேன். கூம்பின் காம்பு தடிமன், குச்சியின் முறிந்த நுனி ஒல்லி. நார் ஓடும் திசையும் வேறு. இவை இரண்டும் ஒரு மரத்தில் இருந்ததற்கு ஒரு சாட்சியும் இல்லை. கூம்பு பைன்தான். குச்சி வேறு ஏதோ குடும்பம். அப்படியானால் பாடப்புத்தகங்களில் இருக்கும் அந்த மரம் பூமியில் எங்கேயும் முளைத்ததே இல்லை.

அப்பா ஒட்டியிருந்தால் அதில் தப்பு சொல்ல மாட்டேன். பக்கத்தில் இரண்டு துண்டு கிடந்தால் அவர் கை சும்மா இருக்காது. எனக்குப் புரியாதது வேறு. அப்பா ஒட்டினால் பசை பிதுங்கி உருண்டை உருண்டையாக நிற்கும். அதைச் சுரண்ட மாட்டார். அம்மா கேட்டால், "எங்க உடைஞ்சுதுன்னு தெரிஞ்சாத்தானே பாத்துப் புடிப்பீங்க" என்பார். இதில் பிதுங்கிய பசையைப் பிளேடால் சீவி, மேலே கறுப்பு பூசியிருக்கிறது. அவ்வளவு நறுவிசாக.

பாதிச் சுற்றுதான் துடைத்தேன். மீதியை அப்படியே விட்டிருக்கிறேன்.

அப்பாவிடம் கேள். அந்தக் கறுப்பைப் பூசியது யார்?

அன்புடன்,
சிட்டு


ஏப்ரல் 2

அன்புச் சிட்டு,

பதில் தாமதம், மன்னித்துவிடு. தேர்வு, கூட்டம், ஒரு பயணம். அண்ணிக்கு முட்டி பரவாயில்லை. உன் வைத்தியம் பலித்தது.

அப்பாவுக்கு ஞாபகம் மங்கிவிட்டது. நேற்றுச் சாப்பிட்டதையே இன்று கேட்கிறார். அத்தனை வருடத்துக்கு முந்தைய விஷயத்தை அவரிடம் கிளறினால் பயந்துபோவார். வேண்டாம்.

கொஞ்சம் நிதானமாக யோசி. கூம்பு பைன் குடும்பம் என்று நீயே சொல்கிறாய். ஆக, முக்கியமான விஷயத்தில் நான் எழுதியதில் தவறில்லை. இலை வேறாக இருந்தால் நாளைக்கு யாராவது எழுதித் திருத்திக்கொள்வார்கள், அறிவியல் அப்படித்தான் நடக்கிறது. இப்போது நாமே அதைக் கொண்டுபோய்ச் சந்தியில் வைத்தால் யாருக்கு லாபம்? உன் பெயரும்தானே அதில் இருக்கிறது?

இன்னொன்றும் சொல்கிறேன். பழைய கூரை, ஈரம், பைரைட். இதெல்லாம் சேர்ந்தால் எந்தப் படிவமும் தாங்காது. உலகத்தில் எத்தனையோ அருங்காட்சியகங்களில் நடந்ததுதான். தானாகப் போவதை இழுத்துப் பிடிக்க நீ ராத்திரி பகலாக மெனக்கெட வேண்டாம். போனால் போகட்டும், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணா,

நலம்தான். அங்கே அப்பாவும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்தேன். கூம்பு பொடியாகிப் போனால் யாரும் கேட்க மாட்டார்களா? அந்த மரத்தின் பெயருக்கே ஆதாரமான மூல மாதிரி அது. உலகத்தில் அது ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். போனால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும், கடைசிக் கேள்வியும் என்னிடம்தான் வரும். "அந்தம்மா அஜாக்கிரதையா விட்டுடுச்சு" என்று நான் போன பிறகும் பேசுவார்கள். உனக்கு விழா, எனக்குக் கெட்ட பெயர். என் பெயரைக் கூம்புக்கு வைத்த அண்ணன் அதை ஈரத்தில் விடச் சொல்கிறான்.

கூம்பு பத்திரமாக இருக்கிறது. ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில், என் மேஜைக்குப் பக்கத்தில். ஒட்டு விட்டுப்போனதை அருங்காட்சியக இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியாது. கறுப்பைப் பற்றி மட்டும் அவரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. அதை நீயே சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறேன். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பதில் எழுதினாய், முட்டிவலி உட்பட. அதற்கு மட்டும் எழுதவில்லை. மறுபடி கேட்கிறேன், பூசியது யார்?

அப்பாவுக்குப் பெரிய எழுத்தில் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு.

சிட்டு


மே 3

சிட்டு,

இங்கே அனைவரும் நலம்.

உன் இயக்குநருக்கு நானே விரிவாக எழுதிவிட்டேன். ஒட்டு இருப்பது எனக்குத் தெரியாது என்பதை விளக்கியிருக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வீட்டுக்கு வந்து அப்பாவையே நேரில் கேட்டார்கள். தான் ஒட்டியதையும், அதை என்னிடம் மறைத்ததையும் அவரே அவர்களிடம் சொல்லிவிட்டார். படிக்காத மனிதர், வயசானவர், அவர்மேல் யாருக்கும் வருத்தம் இல்லை. எல்லோரும் பெருந்தன்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்டு விழா திட்டப்படி நடக்கும்.

இதோடு விட்டுவிடு.

அண்ணன்


மே 16

அன்புள்ள அண்ணி,

முட்டி தேவலையா? உங்களுக்கு நான் தனியாக எழுதி எத்தனையோ காலம் ஆயிற்று. வேலை இருக்கும்போதுதான் நாத்தனாருக்கு அண்ணி ஞாபகம் வரும் என்று நீங்கள் சொல்வது சரிதான்.

அப்பாவுக்கு நான் எழுதிய தாள் அவர் கைக்குப் போனதா?

இங்கே அவரை வைத்துச் சிரிக்கிறார்கள், அண்ணி. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "உங்கப்பா பெரிய கில்லாடிங்க, பேராசிரியர் காதுலயே பூ சுத்திட்டாரே!" என்றார். டீ குடிக்கும் இடத்தில் யார் கோப்பை உடைந்தாலும், "சிட்டு அப்பாவக் கூப்புடுங்கப்பா" என்கிறார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்குவதில்லை. யாரையும் ஏமாற்றத் தெரிந்தவரா அவர்? கடைக்காரன் மீதிச் சில்லறை கூடக் கொடுத்தால் திரும்பப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதர்.

அவர் வாயால் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்ப முடியுமா? வேறு யாரிடம் கேட்பேன்?

உங்கள்,
சிட்டு


ஜூன் 8

அன்புள்ள சிட்டுவுக்கு,

முட்டி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மாமாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, மருந்து கொடுக்கிறோம். உன் தாள் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. உன் கடிதத்தை அவர் காதருகே படித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நல்லா இருக்கியாம்மா? சளி போச்சா? எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா காய்ச்சல்தான்.

ஒட்டினது நான்தான். பள்ளத்துல ரெண்டும் ஒரே எடத்துல கெடந்துச்சு. தூக்குல போட்டுக் கொண்டாந்தா கடகடன்னு தனித்தனியா உருளுது. காய்னா அதுக்கு ஒரு குச்சி வேணுமில்லையா? பாக்க அழகா இருக்கும்னு ஒட்டினேன். ஒட்டின கையோட உங்கண்ணன்கிட்டதான் காட்டினேன். 'இந்தாடா, நான்தான் ஒட்டியிருக்கேன், வேணும்னா பிரிச்சுக்க'ன்னு சொன்னேன். 'சரிப்பா'ன்னு வாங்கிக்கிட்டான். அப்புறம் பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அதுல என் பசையக் காணோம். சரி, பிரிச்சுப் பாத்துட்டு நம்மள விட நல்ல பசையாப் போட்டு ஒட்டியிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

அன்னிக்கு ரெண்டு பேர் வந்தாங்க, நல்ல மனுசங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி உங்கண்ணன் என் பக்கத்துல உக்காந்து ரொம்ப நேரம் பேசினான். இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து அவன் அவ்ளோ நேரம் எங்கூடப் பேசினதே இல்ல. 'எங்கிட்ட சொன்னதா மட்டும் சொல்லிடாதப்பா, எல்லாம் போயிடும்'னான். கண்ணு கலங்கிடுச்சு அவனுக்கு. அவங்க கேட்டாங்க, 'ஏன் பெரியவரே, பையன்கிட்ட சொல்லல?'ன்னு. 'பயந்துகிட்டு சொல்லலீங்க'ன்னேன். அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

போகட்டும்மா. அவன் வீட்டுலதானே இருக்கேன், இந்த வயசுல எனக்கென்ன பேரு வேண்டியிருக்கு. நான் இருக்கிற வரைக்கும் நீ இதப் பத்தி யாருக்கும் எழுதாத. என்ன?"

இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் இதை எழுதியது உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அப்பா,

அண்ணி படித்துக் காட்டுவார்கள் என்றாலும் பெரிய எழுத்தில்தான் எழுதுகிறேன், நீங்களும் பார்க்கலாம்.

காய்ச்சல் விட்டதா? வேளைக்கு மருந்து சாப்பிடுங்கள்.

நீங்கள் சொன்னபடியே ஆகட்டும். நீங்கள் இருக்கிற வரைக்கும் யாருக்கும் எழுத மாட்டேன். நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும், அதனால் நான் நெடுநாள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் பிடி ஒட்டிக் கொடுத்த கோப்பையில்தான் இன்னும் டீ குடிக்கிறேன். அந்த மஞ்சள் உருண்டை விரலில் நெருடும். இங்கே வந்துவிடுங்கள் அப்பா. என் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் லாரிகள் நிறையப் போகும். காய்ச்சல் விட்டதும் நானே வந்து அழைத்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள் மகள்,
சிட்டு


செப்டம்பர் 14

அன்புச் சிட்டு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் மெதுவாகத் தேறி வருகிறோம். அப்பா இல்லாத ஜன்னலைப் பார்க்க அண்ணிக்கு மனசு கேட்காமல், திரையை இழுத்து மூடியே வைத்திருக்கிறாள். காரியத்துக்கு வந்தவள் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாய். துக்கத்தில் இருக்கிறாய் என்று நானும் விட்டுவிட்டேன்.

விழாவைத் தள்ளிப்போட நினைத்தேன். அழைப்பிதழ் எல்லோருக்கும் போய்விட்டது. என் ஏற்புரையில் அப்பாவைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். பசை ட்யூபோடு அலையும் மனிதர், உலகத்து நிபுணர்களையெல்லாம் ஒரு கூம்பை வைத்து ஏமாற்றிய கதையைச் சொன்னேன். அரங்கமே சிரித்தது, பிறகு எழுந்து நின்று கைதட்டியது. நீ இருந்திருக்க வேண்டும்.

ஒரு நல்ல சேதி. வேறொரு களிமண் பள்ளத்திலிருந்து புதிதாக ஒரு கூம்பு வந்திருக்கிறது. அதே காலம், அதே பைன் குடும்பம், ஒரு செதிலுக்கு இரண்டு விதை, அச்சு அசல். இதற்கு அப்பா பெயரை வைக்கலாம் என்று இருக்கிறேன். அவருக்கு நாம் செய்யக்கூடியது இதுதான். படங்களை நீ வரைந்தால் நன்றாக இருக்கும். கட்டுரையிலும் உன் பெயர் சேர்ந்து வரட்டும். பழைய கசப்பெல்லாம் இதோடு போகட்டும்.

என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
அண்ணன்


அக்டோபர் 1

அண்ணா,

உன் நலத்தை இந்த முறை கேட்கவில்லை. என் நலத்தையும் எழுதவில்லை.

தான் இருக்கிற வரைக்கும் எழுதாதே என்றார் அப்பா. இருந்த வரைக்கும் எழுதவில்லை. என் வீட்டுக்குக் கூட்டிவரப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் சேதி வந்தது. நேற்று இயக்குநரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் துடைக்காமல் விட்ட பாதிச் சுற்றில் கறுப்பு அப்படியே இருக்கிறது. சோதித்துப் பார்க்க அதில் துளி சுரண்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். அவர்கள் பார்த்துச் சொல்வதற்கு நான் காத்திருக்கத் தேவையில்லை. அது நீ கட்டுரைகளுக்குப் படம் வரையும் மை. உன் பழைய படங்கள் என் அலமாரியில்தான் இருக்கின்றன, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பா கையிலிருந்து உன் கைக்கு, உன் கையிலிருந்து எங்கள் பெட்டிக்கு. நடுவில் வேறு கை இல்லை. மூன்றாவது முறை உன்னிடம் கேட்க மாட்டேன்.

இனி உன்னிடம் வந்து கேட்பார்கள். உனக்குப் பதிலாகச் சொல்வதற்கு இப்போது வீட்டில் ஆள் இல்லை.

கூம்பையும் குச்சியையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துவிட்டேன். என் பெயர் கூம்போடு இருக்கிறது, அதை நீ எடுக்க முடியாது. குச்சிக்குப் பெயர் இல்லை. அது என்ன மரமோ, யாருக்கும் தெரியாது. ஆனால் அது உண்மையாக நின்ற மரம். உன் அழைப்பிதழில் இருக்கும் மரம் எங்கேயும் நிற்கவில்லை.

புதுக் கூம்புக்கு அப்பா பெயரை வைக்காதே. அரங்கமே சிரித்தது என்று எழுதினாயே, அந்தச் சிரிப்பின் மேல் பூசத்தானே இந்தப் பெயர்? அப்பா எதன் மேலும் எதையும் பூசியதில்லை. அவர் ஒட்டினால் ஒட்டின இடம் தெரியும்.

சிட்டு